கை தூக்கினால் தண்ணீர் வருமா?



சென்ற ஆண்டு நமது மாணவர் பேரவையின் பொதுக்குழு கூடியது உங்களுக்கு நினைவிருக்கும். விடுதிக் குடிநீர் பற்றி ஒரு தீர்மானம் கொண்டு வந்தோம். ‘விடுதியில் நல்ல குடிநீர் கிடைக்க ஆவன செய்ய வேண்டும்’ என்பதுதான் வாசகம். எல்லோரும் கை தூக்கினோம், கை தட்டினோம், டீயும் சமோசாவும் சாப்பிட்டுக் கலைந்தோம். அன்று இரவு மெஸ்ஸில் பரிமாறும் அக்காவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே அவர் கேட்டார்: “கை தூக்கினா குழாயில தண்ணி வந்துருமா தம்பி?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று மாதம் கழிந்தும், சமையலுக்கு நல்ல தண்ணீர் வேண்டி அவர்தான் குடத்தோடு தெருமுனைக் குழாய்க்கு நடந்துகொண்டிருந்தார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தீர்மானம் என்றால் என்ன, அதனால் என்ன ஆகும் என்று நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். தேடல் ஐ.நா. பொதுச்சபை வரை கொண்டுபோய் விட்டது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

யார் இந்தப் பொதுச்சபை?

ஐ.நா. சாசனம் நடைமுறைக்கு வந்த நாள் 1945 அக்டோபர் 24. பொதுச்சபை முதன்முதலில் கூடியது 1946 ஜனவரி 10-ல், லண்டனில். அன்று 51 நாடுகள், இன்று 193. இங்கே ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் ஒன்றுதான். நம் ஊர் ஒரு வார்டு அளவு மக்கள்கூட இல்லாத துவாலு தீவுக்கும் ஒன்றுதான். பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளுக்கு ‘வீட்டோ’ உண்டு. பொதுச்சபையில் அது யாருக்கும் கிடையாது.

தீர்மானம் எப்படிப் பிறக்கிறது?

முதலில் விஷயம் நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும். பிறகு ஏதாவதொரு நாடு வரைவு எழுதுகிறது. அந்த நாடு மற்ற நாடுகளிடம் போய் “நீங்களும் சேர்ந்து முன்மொழியுங்கள்” என்று ஆதரவு திரட்டுகிறது. பெரும்பாலான வரைவுகள் ஆறு முக்கியக் குழுக்களில் ஒன்றில் விவாதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் பேரம் நடக்கும். பிறகே முழுச்சபைக்கு வரும். சில வரைவுகள் நேராக முழுச்சபைக்கே வருவதும் உண்டு.

யாரும் மறுக்கவில்லை என்றால் வாக்கெடுப்பின்றியே நிறைவேறும். மறுப்பு இருந்தால் வாக்கெடுப்பு. அமைதி, பாதுகாப்பு, வரவு செலவு போன்ற முக்கியக் கேள்விகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மற்றவற்றுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ‘ஆம்’, ‘இல்லை’ தவிர, வாக்களிக்காமல் விலகி நிற்கவும் வழி உண்டு. விலகி நிற்பவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். ஆனால் விலகி நின்றது யார் என்பது பதிவாகிவிடும். இதை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறது.

ஒரே வாக்கியம்!

எனக்கு வியப்பைத் தந்த செய்தி இது. ஆங்கிலத்தில் ஒரு தீர்மானம் எத்தனை பக்கம் நீண்டாலும் இலக்கணப்படி அது ஒரே வாக்கியம். ‘பொதுச்சபை’ என்பதே எழுவாய். முகவுரைப் பகுதியில் ‘நினைவுகூர்ந்து’, ‘ஆழ்ந்த கவலை கொண்டு’ என்று காரணங்கள் கமா போட்டு வரிசையாக வரும். அடுத்து எண்ணிட்ட செயற்பகுதி: ‘அங்கீகரிக்கிறது’, ‘அழைப்பு விடுக்கிறது’, ‘கேட்டுக்கொள்கிறது’ என்று அரைப்புள்ளி போட்டு வரும். முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்றே ஒன்று.

நம் பாஷையில் சொன்னால், முகவுரைதான் சர்வே ரிப்போர்ட். செயற்பகுதி வொர்க் ஆர்டர். சர்வே இல்லாமல் கட்டடம் எழுப்பினால் என்ன ஆகும் என்று சிவில் மாணவர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

2010 ஜூலை 28

இனி ஒரு உண்மை உதாரணம். தண்ணீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று அறிவிக்கக் கோரி பொலிவியா ஒரு வரைவைக் கொண்டுவந்தது. சபையில் அதை முன்வைத்தவர் அந்நாட்டுத் தூதர் பாப்லோ சோலோன். முகவுரையில் என்ன இருந்தது தெரியுமா? 88.4 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை. 260 கோடிப் பேருக்கு அடிப்படைச் சுகாதார வசதி இல்லை. இதனால் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 15 லட்சம் குழந்தைகள் சாகின்றன, 44.3 கோடிப் பள்ளி நாட்கள் வீணாகின்றன.

செயற்பகுதியில் மூன்றே பத்திகள். முதலாவது, இது ஒரு மனித உரிமை என்று அங்கீகரித்தது. இரண்டாவது, வளரும் நாடுகளுக்கு நிதியும் தொழில்நுட்பமும் தந்து உதவும்படி நாடுகளையும் உலக அமைப்புகளையும் அழைத்தது. மூன்றாவது, இதற்கென உள்ள தனி வல்லுநர் ஆண்டுதோறும் பொதுச்சபைக்கு அறிக்கை தர வேண்டும் என்ற ஏற்பாட்டை வரவேற்றது.

முடிவு: ஆதரவு 122. எதிர்ப்பு பூஜ்யம். விலகி நின்றவை 41. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் விலகி நின்றன. ஜெனீவாவில் இதே விஷயம் ஆராயப்பட்டு வரும்போது இங்கே அவசரப்படுவதாக அமெரிக்கா காரணம் சொன்னது. வேண்டாம் என்று சொல்ல மட்டும் ஒரு நாடும் முன்வரவில்லை! இந்தத் தீர்மானத்தின் எண் 64/292. அதாவது 64-வது கூட்டத் தொடரின் 292-வது தீர்மானம்.

சட்டமா? வெறும் காகிதமா?

இங்கேதான் அக்காவின் கேள்வி திரும்ப வருகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐ.நா.வின் உள்விவகாரங்களும் வரவு செலவும் போன்றவை தவிர, பொதுச்சபைத் தீர்மானங்கள் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அவை பரிந்துரைகளே. 2010 ஜூலை 29 காலையில் உலகத்தில் எந்தக் குழாயிலும் புதிதாகத் தண்ணீர் வந்துவிடவில்லை. 2024-ல்கூட வீட்டிலேயே, வேண்டும்போது கிடைக்கிற பாதுகாப்பான குடிநீர் இல்லாதவர்கள் 210 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்கு. (88.4 கோடி என்பது பழைய, எளிதான அளவுகோலில் எண்ணியது. இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது.)

அப்படியென்றால் பயனில்லையா? அவசரப்படாதீர்கள். அதே 2010 செப்டம்பரில் மனித உரிமைகள் சபை, இந்த உரிமை ஏற்கெனவே உள்ள ஒப்பந்தங்களிலிருந்தே பிறக்கிறது என்று உறுதி செய்தது. அந்த ஒப்பந்தங்களை முறைப்படி ஏற்றுக்கொண்ட நாடுகளுக்கு அது கடமை. 2015-ல் சுகாதார வசதியைத் தனி உரிமையாகவே பொதுச்சபை அங்கீகரித்தது. அதே ஆண்டு ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது, தண்ணீரும் சுகாதாரமும்!

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமா? 1948 டிசம்பர் 10-ல் பாரீஸில் நிறைவேறிய மனித உரிமைப் பிரகடனமும் கட்டுப்படுத்தாத தீர்மானம்தான். ஆதரவு 48, எதிர்ப்பு பூஜ்யம், விலகியவை 8. அதன் அடிப்படையில் 1966-ல் இரண்டு ஒப்பந்தங்கள் உருவாகி 1976-ல் நடைமுறைக்கு வந்தன. காகிதம் சட்டமாக 28 வருஷம் ஆயிற்று! மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனால் நகர்கிறது. “இது எங்கள் பிரச்சினை இல்லை” என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி எழுத்தில் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் தீர்மானத்தின் முதல் வேலை.

நாம் செய்த தவறும் திருத்தமும்

இதையெல்லாம் படித்தபின் நமது பழைய தீர்மானத்தை எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. காரணம் இல்லை, யார் செய்ய வேண்டும் என்பது இல்லை, எப்போதைக்குள் என்பதும் இல்லை! முற்றுப்புள்ளி மட்டும் இருந்தது.

அடுத்த கூட்டத்துக்குப் புதிதாக எழுதினோம். முகவுரைக்காக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம் ஆய்வகத்தில் சோதித்தோம். இந்தியத் தர நிர்ணயம் 10500 ஏற்கும் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்புகள். நம் தண்ணீர் அதைத் தாண்டி எங்கோ நின்றது. செயற்பகுதியில் மூன்று பத்தி: ஒன்று, குறையை ஒப்புக்கொள்வது, இரண்டு, குடிநீர் இணைப்புக்கு 60 நாளில் விண்ணப்பிக்கும்படி நிர்வாகத்தைக் கேட்பது, மூன்று, என்ன நடந்தது என்று செயலாளர் மாதாமாதம் அறிக்கை படிப்பது.

இம்முறை எல்லோரும் கை தூக்கவில்லை. இன்டர்னல் மார்க் போய்விடுமோ என்று சில நண்பர்கள் விலகி நின்றார்கள். நான் கோபப்படவில்லை. எதிர்த்தவர் யாரும் இல்லை என்று பதிவேட்டில் எழுதினோம், அவ்வளவுதான்.

விண்ணப்பம் போயிற்று. முதல் இரண்டு மாதம் செயலாளர் ‘பதில் இல்லை’ என்றே படித்தார். அதையும் பதிவு செய்தோம். ஆண்டு முடியும் முன் சமையலறைக்கு இணைப்பு வந்தது. விடுதிக் கட்டடங்களுக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பத்தி அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகளுக்காகக் காத்திருக்கிறது. பதிவேடு அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது.

புதுக் குழாயைத் திறந்த அன்று அக்காவிடம், “பாத்தீங்களா அக்கா, கை தூக்கினதுக்கு வந்துருச்சு” என்றேன். அவர் சிரித்தார். “கை தூக்கினதுக்கு வரல தம்பி. மாசாமாசம் கேட்டீங்கல்ல, அதுக்கு வந்துச்சு” என்றார்.

பொதுச்சபைத் தீர்மானத்தின் மூன்றாவது பத்தி ஏன் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது.

— மூன்றாமாண்டு சிவில் மாணவன்