'சின்ஸ்' சொல்வது காலமா, காரணமா?

'மழை பெய்ததால் வரவில்லை' என்பதில் காரணம் காட்டும் 'ஆல்' வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் 'பிகாஸ்' தனிச் சொல்லாக முன்னால் வந்து நிற்கும்: 'பிகாஸ் இட் ரெயின்ட்'. இப்படித் தொடங்கிவிட்டால் அடுத்த பாதியில் 'சோ' தேவையில்லை. இரண்டையும் சேர்த்துப் போடுவது நம்மவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

பள்ளி விடுப்புக் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்குமே, அந்த 'ஆஸ்' காரணத்தைச் சொல்கிறது. 'ஆஸ் ஐ வாஸ் லீவிங்' என்றால் பெரும்பாலும் 'கிளம்பிக்கொண்டிருந்தபோது' என்று பொருள். 'சின்ஸ்' இன்னும் சிக்கலானது. 'சின்ஸ் ஷி லெஃப்ட்' என்பதை 'அவள் போனதிலிருந்து' என்றும் படிக்கலாம், 'அவள் போனதால்' என்றும் படிக்கலாம். குழப்பம் வரும் இடத்தில், காரணம் சொல்ல 'பிகாஸ்' போடுவதே நல்லது.

காலம் சொல்லும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. 'நான் வரும்போது சொல்கிறேன்' என்பது எதிர்காலம்தான். ஆனாலும் 'வென் ஐ வில் கம்' என்பது தவறு, 'வென் ஐ கம்' என்பதே சரி. 'நான் வராத வரை' என்ற தமிழ் வழக்கை அப்படியே மாற்றி 'அன்டில் ஐ டோன்ட் கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். 'அன்டில்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்த எதிர்மறை அடங்கியிருக்கிறது. 'அன்டில் ஐ கம்' என்றாலே போதும்.

அடுத்த மின்னஞ்சலை அனுப்பும் முன் இந்தச் சொற்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.