மிஸ் கூப்பிட்டால்தான் போகணுமா?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம் வீடுகளில் ஒரு வேகம் இருக்கும். நோட்டுக்கு அட்டை போடுவது, லேபிள் ஒட்டுவது, ஷூ வாங்குவது, வேன்காரரிடம் நேரம் பேசுவது என்று வீடே அல்லோலகல்லோலப்படும். ஜூலை பிறந்தால் எல்லாம் அடங்கிவிடும். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கம் நாம் போவது காலாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடத்தான். இல்லையென்றால் பையன் எவன் மண்டையையாவது உடைத்துவிட்டான் என்று ஆள் விட்டு அனுப்பினால்தான். பிள்ளையின் படிப்பில் பெற்றோருக்கு என்ன வேலை என்பது பற்றி நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கைகள் பல. அவற்றில் சில பாதி உண்மை. சில பிள்ளைக்கே கெடுதல்.

“பக்கத்திலேயே உட்கார்ந்து ஹோம்வொர்க் முடிக்க வைப்பதுதான் அக்கறை”

இரவு எட்டரை மணி. அடுப்பில் ரசம் கொதிக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. “எத்தனை தடவை சொல்றது?” என்று ஒரு குட்டு. அம்மா ரப்பரை எடுத்து 35ஐ அழித்துவிட்டு, 25 என்று எழுதச் சொல்கிறார். மறுநாள் மிஸ் சிவப்பு மையில் ஒரு டிக் அடித்து அனுப்புகிறார். எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் அந்த 35 சும்மா வந்த தப்பு அல்ல. 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாதே என்று யோசித்த பிள்ளை, 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டது. பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு விதி வகுத்துக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் அந்த 35ஐப் பார்த்திருந்தால் எங்கே தடுக்குகிறது என்று அந்த நொடியே பிடித்திருப்பார். வீட்டில் அழிக்கப்பட்டது அவருக்கு வரவேண்டிய தகவல். நான் சொல்ல வருவதெல்லாம் கிட்டத்தட்ட இதைச் சுற்றித்தான். பிள்ளையைப் பற்றி வீட்டுக்குத் தெரிந்தது பள்ளிக்கும், பள்ளிக்குத் தெரிந்தது வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கு வழி செய்வதே பெற்றோரின் முதல் வேலை. பாடம் நடத்துவது அப்புறம்.

2015இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கைக் கண்டாலே பயப்படும் பெற்றோர் அடிக்கடி உட்கார்ந்து வீட்டுப்பாடத்துக்கு உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டு கற்ற கணக்கு குறைவு. கணக்குப் பயமோ அதிகம். அதே பயம் உள்ள பெற்றோர் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. பாடத்தோடு சேர்த்து நம் பயத்தையும் ஊட்டிவிடுகிறோம் என்று ஆகிறது.

அதற்காக ஹோம்வொர்க் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு நேரம், ஓர் இடம், டிவியை அணைத்து வைப்பது, முடித்தாயா என்று கேட்பது, இவையெல்லாம் வீட்டின் வேலை. விடை தப்பாக இருந்தால் தப்பாகவே போகட்டும். ஓரத்தில் “இது புரியவில்லை என்கிறான்” என்று பென்சிலால் எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி ஆசிரியருக்குப் பத்து டிக்கை விடப் பயன்படும்.

“நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன தெரியும்?”

இதைத்தான் அதிகம் கேட்கிறோம். இதைவிடத் தவறான நம்பிக்கையும் வேறில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாவால் என்னென்ன பார்க்க முடியும்? நோட்டின் மேல்மூலையில் தேதி எண்ணில்தான் இருக்கிறது. கடைசித் தேதிக்கும் இன்றைக்கும் இடையில் மூன்று வாரம் போயிருந்தால் அந்தப் பாடத்தில் ஏதோ சரியில்லை. சிவப்பு மை இருக்கிறதா, எத்தனை பக்கமாக இல்லை? நோட்டின் கடைசிப் பக்கங்களில் மட்டும் படமும் கிறுக்கலுமாக நிறைந்திருக்கிறதா? ஆறு மாதம் கழித்தும் அறிவியல் புத்தகம் மடிப்புக் கலையாமல் புத்தம் புதிதாக இருக்கிறதா? இதற்கெல்லாம் எழுத்து தெரிய வேண்டியதில்லை.

பிள்ளை நிஜமாகவே வாசிக்கிறதா, மனப்பாடமாக ஒப்பிக்கிறதா என்பதையும் கண்டுபிடிக்கலாம். பாடத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஆற்றொழுக்காகப் படித்து முடித்ததும் நடுவில் ஏதோ ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து “இது என்ன?” என்று கேளுங்கள். விரல் வைத்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, சோறு போட்ட பிறகு அதே சொல்லை மறுபடி காட்டுங்கள். இரண்டு முறை இரண்டு பதில் வந்தால், உங்களுக்கு அந்தச் சொல் தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்துவிடும். நேரே போய் ஆசிரியரிடம் சொல்ல இது போதும்.

இன்னொன்று, பேச்சு. “ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்றால் “ஒண்ணுமில்ல” என்றுதான் பதில் வரும். “இன்னிக்கு யாரு திட்டு வாங்கினா?”, “உன் பக்கத்துல யாரு உக்காந்தா?” என்று கேட்டுப் பாருங்கள், கொட்டும்.

படிக்காதவர்களுக்கும் பள்ளியில் பங்கு உண்டு என்பதற்கு வரலாறும் சாட்சி. 1950களின் பிற்பகுதியில், காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டு ஊர்முன் வைத்தார்கள். நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம் என்று மக்கள் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள் ஏராளம்.

“பேரன்ட்ஸ் மீட்டிங்னா புகார் கேட்கிற நாள்”

இப்போது நடக்கும் லட்சணத்தில் பெரும்பாலும் அப்படித்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். வகுப்பில் 40 பிள்ளைகள், கூட்டம் இரண்டு மணி நேரம். தலைக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தையும் “ஏன் மார்க் குறைஞ்சுது?” என்பதிலேயே செலவழித்தால், கையெழுத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

மார்க் அட்டையிலேயே இருக்கிறது. அட்டையில் இல்லாததைக் கேளுங்கள். எந்த வரிசையில் உட்காருகிறான்? போர்டு தெரிகிறதா? (கண்ணாடி போட வேண்டிய எத்தனையோ பிள்ளைகளுக்கு “கவனம் இல்லை” என்ற பட்டம்தான் முதலில் கிடைக்கிறது.) சந்தேகம் கேட்கிறாளா, வாயே திறப்பதில்லையா? இடைவேளையில் தனியாக நிற்கிறாளா? அடுத்த மாதத்துக்குள் வீட்டில் நாங்கள் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்று முடியுங்கள். ஐந்து வேலை சொன்னால் ஒன்றும் நடக்காது.

நீங்களும் ஒரு தகவல் கொண்டுபோங்கள். தாத்தா இறந்த பிறகு பிள்ளை சரியாகத் தூங்குவதில்லை என்பது ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

கூட்டம் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வது ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் போய்க் கேட்பதில் கூச்சம் எதற்கு? முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போவது மட்டும் மரியாதை. வகுப்பு நடக்கும்போது வாசலில் போய் நிற்பது யாருக்கும் உதவாது.

“கேள்வி கேட்டா பிள்ளை மேல வஞ்சம் வச்சிடுவாங்க”

இதன் மறுபக்கம்தான் அந்தப் பழைய வசனம்: “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்.” ஒன்று பயந்து ஒதுங்குகிறோம், இல்லை மொத்தமாக ஒப்படைத்துவிட்டு வருகிறோம். பிள்ளையின் முன்னால் அந்த வசனத்தைச் சொல்லும் அப்பா, அடி வாங்கினாலும் வீட்டில் வந்து சொல்லாதே என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார். மேலே சொன்ன அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அதற்கு அனுமதி கொடுக்க அப்பாவுக்கும் அதிகாரம் இல்லை.

வஞ்சம் என்ற பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் புகாராக ஆரம்பிக்காமல் கேள்வியாக ஆரம்பித்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் நின்று பேசுகிறார்கள். “நீங்க அடிச்சீங்களாமே” என்பதற்கும் “பிள்ளை ரெண்டு நாளா ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறா, என்னன்னு உங்களுக்குத் தெரியுமா மிஸ்?” என்பதற்கும் வித்தியாசம் பெரிது. அங்கே பேசியும் தீராவிட்டால் தலைமை ஆசிரியர். அதற்கும் மேல் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையின் பாதுகாப்பு பற்றியது என்றால் படிப்படியாகப் போக வேண்டியதில்லை, நேராக 1098.

“டியூஷன்ல சேர்த்தாச்சு, வாட்ஸ்ஆப் குரூப்லயும் இருக்கோம்”

டியூஷன் என்பது பள்ளியில் எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடித்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு. பல வீடுகளில் கண்டுபிடிப்பதற்குப் பதிலாகவே டியூஷன். வகுப்பு ஆசிரியரே டியூஷனும் எடுப்பது இன்னும் சிக்கல். ஆசிரியர்கள் தனிவகுப்பு எடுக்கக் கூடாது என்று சட்டத்தின் 28ஆம் பிரிவே சொல்கிறது. வாட்ஸ்ஆப் குரூப்பில் நாளைக்கு என்ன கலர் டிரஸ் என்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் பிள்ளையைப் பற்றி அங்கே ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது.

“ஒன்பதாவது வந்துட்டா அவங்களே பார்த்துப்பாங்க”

பாடத்தைப் பொறுத்தவரை சரி. அமெரிக்க ஆய்வாளர்கள் நான்சி ஹில்லும் டயானா டைசனும் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி 2009இல் வெளியிட்டார்கள். வீட்டுப்பாட உதவியால் அந்த வயதில் பலன் தெரியவில்லை. எதிர்மறைத் தொடர்புதான் தென்பட்டது. தடுமாறும் பிள்ளைக்குத்தான் உதவி அதிகம் கிடைக்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வலுவான பலனோடு இணைந்திருந்தது வேறொன்று. படிப்பு எதற்கு, அடுத்து என்ன, உனக்கு எதில் ஆர்வம் என்று வீட்டில் நடக்கும் பேச்சு.

நம் ஊரில் இந்தப் பேச்சு பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த இரண்டே நாளில் முடிந்துவிடுகிறது. “நல்ல மார்க், பயாலஜி குரூப் எடு” என்பதோடு சரி. இதில் தெரியாமல் செய்யும் நஷ்டம் ஒன்று உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். பத்தாவதில் பிள்ளை நல்ல மார்க் வாங்கிய சந்தோஷத்தில், கடன் வாங்கியாவது பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், அந்த ஒதுக்கீட்டையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். மாற்றுவது அவரவர் விருப்பம். கணக்கைத் தெரிந்துகொண்டு மாற்றட்டும். இந்தப் பேச்சை எட்டாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடலாம்.

“கமிட்டி எல்லாம் பெரிய மனுஷங்களுக்கு”

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருந்தாக வேண்டும். உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அரசுப் பள்ளியில் வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. உதவி பெறும் பள்ளியில் ஆலோசனை சொல்லும் அளவோடு நின்றுவிடும். தமிழ்நாட்டில் 2022இல் அரசுப் பள்ளிகளில் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். 2024இல் எண்ணிக்கையை 24 ஆக்கி முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தலைவர் பதவிக்குப் பெண்கள் வருகிறார்கள். கணவர் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் வழக்கம் இதிலாவது வராமல் இருக்க வேண்டும்.

குழு இருந்தால் மட்டும் போதாது. உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. அங்கே கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருப்பதே பெற்றோரில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கவில்லை. உறுப்பினர்களிலேயே கால்வாசிப் பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்று தெரியாது! கூட்டம் போட்டு விளக்கியும் பள்ளியில் மாற்றம் வரவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தவைத்தபோதுதான், வந்த பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள்.

ஆகவே கூட்டத்துக்குப் போகும்போது “பள்ளி வளர வேண்டும்” என்று பேசாதீர்கள். மூன்றாம் வகுப்பில் எத்தனை பேரால் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்க முடிகிறது என்று கேளுங்கள். பெண்பிள்ளைகள் கழிவறையில் மதியத்துக்கு மேல் தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பாருங்கள். யார், எந்தத் தேதிக்குள் செய்வார்கள் என்பதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு நோட்டை நீட்டும்போது எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கைநாட்டு வைப்பவருக்கும் அது பொருந்தும்.