ஓவியத்தில் உறங்கும் இசை

கண்ணால் காண்பது ஓவியம். செவியால் கேட்பது இசை. காண இயலாத இசையை ஓவியன் தீட்டுவது எங்ஙனம்? பாடுவாரை வரையலாம், கேட்டு மகிழ்வாரையும் வரையலாம். இவ்விருவரையும் விடுத்து, மீட்டுவாரின்றிக் கிடக்கும் இசைக் கருவிகளை மட்டும் வரைந்து, அவற்றால் மக்கள் வாழ்வின் இயல்பை உணர்த்திய ஓவியரும் உளர்.

உயிரற்ற பொருள்களை ஒழுங்குற அமைத்து, அவற்றின் வடிவும் நிறமும் ஒளியும் நிழலும் விளங்குமாறு வரையும் முறை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தழைத்தது. அவ்வோவியங்களிற் காணும் பொருள்கள் பல, குறிப்புப் பொருள் உடையன. மண்டையோடு சாவைக் குறிக்கும். மணற்கடிகை கழியும் காலத்தைக் குறிக்கும். மலரோ அழகின் நிலையாமையைக் குறிக்கும். இசைக் கருவியும் அவற்றோடு இடம்பெற்றது. இசை பிறந்த கணத்திலேயே மறைவது. ஆதலின் உலக இன்பத்திற்கு அதனினும் பொருத்தமான சின்னம் வேறு யாது?

இம்முறை தழைப்பதற்கு முன்னரே, கருவியைக் குறிப்பாக அமைக்கும் வழக்கம் இருந்தது. 1533ஆம் ஆண்டில் ஹான்ஸ் ஹோல்பைன் என்னும் ஜெர்மானிய ஓவியர் ‘தூதுவர்கள்’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். அதில் நிற்கும் இருவர்க்கும் இடையே ‘லூட்’ என்னும் நரம்புக் கருவி ஒன்று உள்ளது. அதன் நரம்புகளுள் ஒன்று அறுந்துள்ளது. கிறித்தவ சமயம் பிளவுபட்டிருந்த காலம் அது. ஆதலின், அறுந்த நரம்பு ஒற்றுமை குலைந்ததைக் குறிக்கும் என்பர் ஆய்வாளர்.

இசைக் கருவிகளை வரைவதில் ஒப்பற்றவராகத் திகழ்ந்தவர் எவரிஸ்டோ பாஸ்கேனிஸ் ஆவார். இவர் 1617ஆம் ஆண்டில் வட இத்தாலியிலுள்ள பெர்காமோ நகரில் பிறந்தார். சமயக் குருவாக வாழ்ந்தார். 1677ஆம் ஆண்டில் மறைந்தார். இவர் வாழ்ந்த காலத்தில், அதே பகுதியிலுள்ள கிரெமோனா நகரில் அமாட்டி குடும்பத்தார் சிறந்த வயலின்களைச் செய்துவந்தனர்.

பாஸ்கேனிஸ் வரைந்த லூட்டுகள் பெரும்பாலும் கவிழ்ந்து கிடப்பன. மெல்லிய மரக்கீற்றுகளை இணைத்துச் செய்த அவற்றின் முதுகு, பாதியாக அறுத்த பேரிக்காய் போலத் திரண்டு தோன்றும். அம்முதுகின்மேல் தூசி படிந்துள்ளது! பல நாள் அதனை எவரும் தொடவில்லை என்பதற்கு அத்தூசியே சான்று. உற்று நோக்குவார்க்கு அதன்மேல் விரல் இழுத்த தடங்களும் புலனாகும். யாரோ வந்தார், தடவிப் பார்த்தார், எடுத்து மீட்டாமலே சென்றார் போலும்! மண்டையோட்டை வரைந்து அச்சுறுத்தாமல், சிறிது தூசியைக் கொண்டே காலத்தின் கழிவை அவர் காட்டிவிட்டார்.

தூசி படிந்தமையால் கருவி கெட்டுவிடவில்லை. இசையும் அதனை விட்டு நீங்கவில்லை. எடுப்பார் கை ஒன்றே வேண்டுவது. மனிதர் பெற்ற கல்வியும் திறமையும் அத்தகையனவே. அவற்றைத் தொட்டுப் பார்த்து விடுவதனால் பயன் இல்லை. காலம் உள்ளபோதே எடுத்துப் பயிலல் வேண்டும். ஒலியாத கருவிகள் உணர்த்தும் உண்மை இதுவேயாம்.