லினக்ஸில் டயல்-அப்: டிரைவரைத் தேடுவதா, மோடத்தை மாற்றுவதா?

கணினி இதழ்களோடு லினக்ஸ் குறுந்தகடு இலவசமாக வந்த டயல்-அப் காலத்தில் மாணவர்களிடம் ஒரே புலம்பல்தான். திரை வருகிறது, பாட்டு கேட்கிறது, அச்சுப்பொறிகூட அச்சடிக்கிறது. மோடம் மட்டும் மூச்சு விடுவதில்லை. இவர்களில் பெரும்பாலோரின் கணினியில் இருந்தது உள்ளே செருகிய மலிவான பி.சி.ஐ. அட்டை. அதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கடைக்காரர் கணினியோடு சேர்த்துக் கொடுத்தார், “உள்ளேயே ஒன்று இருக்கும்போது வெளியில் இன்னொரு பெட்டி எதற்கு?” என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். லினக்ஸையும் பலர் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது; அறைத்தோழன் போட்டான், இவரும் போட்டார். யோசிக்காமல் எடுத்த இந்த இரண்டு முடிவுகளும் ஒரே பெட்டிக்குள் மோதும்போது டிரைவர் வேட்டை தொடங்குகிறது. டிரைவரை எப்படி நிறுவுவது என்று கேட்பதற்கு முன்பு, டிரைவர் தேவைப்படும் மோடத்தை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பதே முறை.

மோடத்துக்குள் நடக்கும் வேலை இரண்டு வகை. எண்களை ஒலியாகவும் ஒலியை எண்களாகவும் மாற்றும் கணக்கு ஒன்று. கணினி அனுப்பும் ஏ.டி. கட்டளைகளைப் புரிந்துகொண்டு தொலைபேசியை எடுப்பது, எண்ணைச் சுழற்றுவது, பிழை திருத்துவது இன்னொன்று. முழுமையான மோடம் இரண்டையும் தன் சில்லுகளிலேயே செய்துகொள்ளும். கணினிக்கு அது வெறும் சீரியல் போர்ட். அதற்கான நிரல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. விண்டோஸ் காம்1 என்று அழைப்பதை லினக்ஸ் டிடிஒய்எஸ்0 என்கிறது, அவ்வளவுதான். ‘வின்மோடம்’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் மலிவு அட்டைகள் (யு.எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர் அது) இந்த வேலைகளில் ஒன்றையோ இரண்டையுமோ கணினியின் செயலியிடம் தள்ளிவிடுகின்றன. அங்கே டிரைவர் என்பது மோடத்தை இயக்கும் துணை நிரல் அல்ல; மோடத்தில் பாதியோ முக்காலோ அதுதான். அந்தப் பகுதியின் மூலநிரலை நிறுவனங்கள் வெளியிடவில்லை.

இருந்தாலும் டிரைவர் தேடும் பாதைக்கு ஒரு கவர்ச்சி உண்டு. கம்பைல் செய்து ஜெயித்தவன் விடுதியில் பெரிய ஆள். அவன் கடந்து வந்தது என்னவென்று பார்க்கலாம். முதலில் பெட்டியின் மேல் அச்சடித்த பெயரை மறந்துவிட்டு, எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையாலோ ‘ஸ்கேன்மோடம்’ நிரலாலோ சில்லு யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். லூசென்ட் என்று வந்தால் அதிர்ஷ்டம். ஆர்வலர்கள் பராமரித்த டிரைவர் ஓரளவு நன்றாகவே ஓடியது. கோனெக்சன்ட் என்றால் லினக்ஸன்ட் நிறுவனத்தின் டிரைவர். இலவசமாகக் கிடைத்தது நொடிக்கு 14.4 கிலோபிட்டோடு நின்றுவிட்டது, 56 வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஸ்மார்ட்லிங்க், பி.சி.டெல், மோட்டோரோலா என்று வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக்கதை. பொதுவாக அமைப்பு ஒன்றுதான்: நடுவில் திறக்க முடியாத ஒரு கோப்பு, அதைச் சுற்றி உங்கள் கெர்னலுக்கு ஏற்ப நீங்கள் கம்பைல் செய்துகொள்ள வேண்டிய மெல்லிய உறை. கெர்னல் ஹெட்டர்களின் பதிப்பும் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கெர்னலைக் கட்டிய கம்பைலரும் உங்களுடையதும் வேறாக இருந்தால் அதுவும் வம்பு. 2003 டிசம்பரில் கெர்னல் 2.6 வந்தபோது, கெர்னலில் ஏற்றும் துண்டு நிரலான மாட்யூலின் வடிவமே மாறியது, 2.4-க்கு எழுதிய உறைகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. எல்லாம் சரியாகி இணையம் வந்தபின் ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்காகக் கெர்னலைப் புதுப்பித்தால், மறுபடி முதலிலிருந்து.

இப்படி மூடிய மாட்யூலை ஏற்றும்போது கெர்னல் தன்னை ‘களங்கப்பட்டது’ என்று குறித்துக்கொள்கிறது. அதன்பின் நீங்கள் அனுப்பும் பிழை அறிக்கையைக் கெர்னல் எழுதுவோர் பொருட்படுத்துவதில்லை. 2004 ஏப்ரலில் இதையொட்டி ஒரு சர்ச்சையே எழுந்தது. லினக்ஸன்ட் தன் மாட்யூலின் உரிம வரியில் ‘ஜி.பி.எல்.’ என்ற சுதந்திர மென்பொருள் உரிமத்தின் பெயருக்குப் பின், வரி முடிந்தது என்று குறிக்கும் ஒரு சூனிய எழுத்தை வைத்திருந்தது. கெர்னல் அதோடு வாசிப்பை நிறுத்திக்கொண்டு, இது சுதந்திர மென்பொருள் என்று நம்பிவிட்டது. எச்சரிக்கைச் செய்திகள் திரும்பத் திரும்ப வந்து பயனர்களைக் குழப்பியதால்தான் அப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கம் சொன்னது. விளக்கத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், எச்சரிக்கைகளை அடக்கக் கெர்னலையே ஏமாற்ற வேண்டியிருந்தது என்பது இந்தப் பாதையின் லட்சணத்தைக் காட்டும்.

டிரைவர் தேவைப்படாத வெளி மோடம் உள் அட்டையைப்போல் மூன்று நான்கு மடங்கு விலை ஆயிற்றே என்றார்கள். உண்மைதான். ஆனால் மோடம் டிரைவரைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு மோடம் வேண்டும். ஆகவே பிரவுசிங் சென்டருக்கும் வீட்டுக்கும் பிளாப்பியோடு அலைந்த செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கஷ்டப்பட்டால்தானே கற்க முடியும் என்பது அடுத்த வாதம். மூடிய கோப்பை நிறுவுவதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. பிறர் எழுதிவைத்த கட்டளைகளை நகல் எடுக்கிறீர்கள். இணையத்தோடு சேர்க்கும் பி.பி.பி. இணைப்பு எப்படி உருவாகிறது, கடவுச்சொல் எந்தக் கோப்பிலிருந்து போகிறது, பெயர்ச் சேவையகம் எங்கே பதிகிறது என்பதெல்லாம் கல்வி. அதற்கு ஒழுங்காக எண்ணைச் சுழற்றும் மோடம் முதலில் வேண்டும். பிராட்பேண்ட் வந்துவிட்டதே என்றவர்கள் அன்று பெருநகரவாசிகள். சிற்றூர்க்காரருக்கு அப்போது தொலைபேசிக் கம்பியும் டயல் டோனும்தான்.

மற்ற வகை மோடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யு.எஸ்.பி. மோடம் ஏ.சி.எம். தரத்தில் அமைந்திருந்தால் லினக்ஸ் தானே அடையாளம் கண்டுகொள்ளும். இல்லையென்றால் அதுவும் வேறு உருவில் வந்த வின்மோடம்தான். முழுமையான உள் மோடம் கிடைத்தால் வாங்கலாம், கிடைப்பது அரிது. என் ஓட்டு சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடத்துக்கே. அதன் சிறு விளக்குகள் எந்தக் கட்டத்தில் வேலை நின்றது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். ‘நோ டயல்டோன்’ என்று வந்தால் நம் இணைப்பகத்தின் ஒலியை அது அடையாளம் காணவில்லை என்று பொருள். தொடக்கக் கட்டளையில் எக்ஸ்3 சேர்த்தால் பெரும்பாலும் தீரும். மோடம் வேறு வேலையில் இருக்கிறது என்று சொன்னால் பழைய பூட்டுக் கோப்பு எங்காவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் மினிகாம் நிரலில் ஏ.டி. என்று அடித்ததும் ‘ஓகே’ வந்தால் மோடத்தின் மேல் பழியில்லை, தேட வேண்டியது வேறிடத்தில்.

கெர்னலைக் கட்டுவதிலேயே இன்பம் காண்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வின்மோடம் நல்ல விளையாட்டுக்களம், தாராளமாக இறங்கட்டும். நிரல் எழுதவோ, படிக்கவோ, மடல் அனுப்பவோ லினக்ஸுக்கு வந்தவர் நண்பனுக்கு நிகராக அங்கே மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எந்தப் பாதையானாலும் நிதானம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள், திரையில் வரும் செய்தியை முழுக்கப் படியுங்கள், செய்ததைக் குறித்து வையுங்கள். கோளாறு வந்ததும் லினக்ஸையே அழித்து மறுபடி நிறுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது கோளாறு எங்கே இருந்தது என்ற தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

அடுத்து மோடம் வாங்கப் போகும்போது அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள், விலையைக் கேட்குமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். டாஸில் இயங்கும் என்று அச்சடித்திருந்தால் லினக்ஸிலும் அநேகமாக இயங்கும். விண்டோஸ் மட்டும் என்றிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.