பழம்பொருள் பேணும் கலை

 

நம் நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம் 1883ஆம் ஆண்டு தைப்பிங்கில் தொடங்கப்பெற்றது. கோலாலம்பூரில் உள்ள தேசிய அருங்காட்சியகம் 1963ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. இவற்றைக் காணச் செல்வோர் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவற்றையே காண்கின்றனர். ஆயினும், பெரிய அருங்காட்சியகங்களில் பார்வைக்கு வைக்கப்படுவது சிறு பகுதியே. எஞ்சியவை காப்பறைகளில் உள்ளன. அங்கே அவை எவ்வாறு பேணப்படுகின்றன என்பதை அறிவோம்.

பழம்பொருளுக்குப் பகைவர் ஐவர். அவர்கள் ஈரம், ஒளி, பூச்சி, நெருப்பு, மனிதர் கை ஆகியோர்.

ஈரம்: காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் தாளிலும் துணியிலும் பூஞ்சணம் படரும், இரும்பு துருப்பிடிக்கும். நம் நாட்டுக் காற்றிலோ ஈரம் பெரும்பாலும் இதற்கும் மேலேயே இருக்கும். ஆதலால் காப்பறைகளில் இயந்திரங்களின் துணையால் ஈரத்தைக் குறைத்து, இரவும் பகலும் ஒரே அளவில் வைத்திருப்பர்.

ஒளி: வெயில்பட்ட துணி வெளுப்பதை நாம் அறிவோம். அவ்வாறே மையும் சாயமும் மங்கும். ஒருமுறை போன நிறம் திரும்பாது. எனவே காப்பறைகள் இருட்டாகவே இருக்கும்.

பூச்சி: கரையானும் இராமபாணப் பூச்சியும் ஏடுகளைத் தின்னும். நம் முன்னோர் ஓலைச்சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிக் காத்தனர். இக்காலத்தில் பூச்சி பற்றிய துணியையும் தாளையும் உறையிலிட்டு, சுழியத்திற்குக் கீழ் 20 பாகைக் குளிரில் ஒரு வாரம் வைத்துப் பூச்சிகளைக் கொல்கின்றனர்.

நெருப்பு: பிரேசில் நாட்டின் தேசிய அருங்காட்சியகம் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் எரிந்தது. அங்கிருந்த ஏறத்தாழ 2 கோடிப் பொருள்களுள் பெரும்பாலானவை அழிந்தன. குளிர்சாதனக் கருவி ஒன்றிலிருந்து தீ தொடங்கியதென ஆய்வாளர் கண்டனர். இருநூறு ஆண்டுகளாகச் சேர்த்த செல்வம் ஓர் இரவில் சாம்பலாயிற்று.

மனிதர் கை: இப்பகைவன் நண்பன் வேடத்தில் வருவான். பழைய நாணயத்தைப் புளியிட்டுத் தேய்த்தால் பளபளக்கும். ஆனால் அதன் எழுத்தும் உருவும் தேயும். கிழிந்த தாளில் ஒட்டிய பசைநாடா சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளையும் கெடுக்கும்.

இவ்வைவரையும் விஞ்சிய பகை ஒன்றுண்டு. அது மறதி. அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. யாருடையது, எங்கே கிடைத்தது, எப்போது வந்தது என்பன அவ்வெண்ணின்கீழ்ப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். பதிவு தொலைந்தால் பொருள் ஊமையாகிவிடும்.

பெற்றோர்களே! நம் இல்லங்களிலும் அரும்பொருள்கள் உள்ளன. பாட்டனார் கப்பலேறி வந்தபோது கொணர்ந்த கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், திருமணப் படம், பால் வெட்டிய கத்தி ஆகியவை நம் வரலாற்றின் சான்றுகள். தோட்டங்கள் பல மூடப்பட்டு, மக்கள் இடம்பெயர்ந்தபோது இவற்றுள் எத்தனையோ குப்பையில் விழுந்தன. உரிய பத்திரம் இல்லாமையால் பிள்ளையின் பிறப்பையும் குடியுரிமையையும் மெய்ப்பிக்க இயலாது அலைவோர் இன்றும் உளர்.

இவற்றைப் பேணப் பெருஞ்செலவு வேண்டா. பத்திரங்களைத் தனித்தனி உறையிலிட்டு, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். அப்பெட்டியைத் தரையிலும் அடுப்பருகிலும் வையாது, உயரத்தில் வையுங்கள். ரப்பர் வளையமும் இரும்பு ஊசியும் ஆகா. மூலப் பத்திரத்தைச் சூடேற்றி நெகிழித் தாளுக்குள் ஒட்டாதீர்கள். ஒட்டியபின் பிரித்தெடுத்தல் அரிது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து, வேறோர் உறவினர் வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

மாணவர்களே! உங்களுக்கு ஒரு விடுமுறைப் பயிற்சி. வீட்டிலுள்ள பழைய படங்களைத் தாத்தா பாட்டியிடம் காட்டி, அவற்றிலுள்ளோர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பின்னர் ஒரு குறிப்பேட்டில் எண்ணிட்டுப் பதியுங்கள். சொல்லத் தெரிந்தவர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு வைத்தல் அறிவுடைமை.

பேணுவோம், பயன் பெறுவோம்!