மன்னாரில் காற்றாலையா, பறவைகளா?

கேள்வி: காற்றாலை தூய மின்சாரத்தைத் தருகிறது, ஆயினும் மன்னார் மக்கள் அதை எதிர்ப்பது ஏன்?

பதில்: எதிர்ப்பு காற்று மின்சாரத்தின் மீதன்று, காற்றாலைகள் அமையும் இடத்தின் மீதே எழுகிறது. நடு ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் தெற்கு நோக்கி வரும் நீர்ப்பறவைகளின் வலசைப் பாதை, அதாவது பருவந்தோறும் அவை பறந்து செல்லும் வான்வழி, மன்னாரை ஒட்டிச் செல்கிறது. அங்குப் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் கூடும் வங்காலைச் சரணாலயம், ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் 2010இல் ராம்சார் தலமாக ஏற்கப்பட்டது. சுழலும் இறக்கைகளில் பறவைகள் மோதுவது மட்டுமன்றி, அவை இரை தேடும் இடங்களைக் கைவிடுவதும் பாதிப்பே ஆகும்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் இலங்கை மின்சார சபை அமைத்த தம்பபவனித் திட்டம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்கான பாதைகளும் மேடைகளும் மழைநீர் வடிவதைத் தடுப்பதாகக் குடியிருப்பாளர்கள் முறையிடுகின்றனர். மன்னாரில் அதானி நிறுவனம் அமைக்கவிருந்த காற்றாலைத் திட்டத்தை எதிர்த்துச் சூழல் அமைப்புகள் 2024இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தன; மின்சாரக் கட்டணம் குறித்த மறுபேச்சு எழுந்த நிலையில் 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகியது. ஆயினும், வேறு காற்றாலைத் திட்டங்களுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக அவ்வாண்டு ஆகஸ்டில் மக்கள் மீண்டும் திரண்டனர்.

ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே மதிப்பிடாமல், அனைத்தும் சேர்ந்து விளைவிக்கும் கூட்டுத் தாக்கத்தை ஆராய்ந்து, வலசைக் காலத்தையும் வடிகாலையும் கணக்கில் கொண்டு இடத்தைத் தெரிவு செய்வதே இதற்குத் தீர்வாகும்.