வாளையாறு தாண்டினால் மாறும் கணக்கு
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதவியல்)

முன்னுரை

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால், தூக்குப் போசியும் கரணையுமாய்ப் பலர் வேலைக்குப் புறப்படுவதைக் காணலாம். உக்கடம் சென்று பாலக்காடு வண்டி பிடிப்போரும் அவர்களுள் உண்டு. அதே நேரத்தில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து நம் கோவைக்குக் கட்டட வேலைக்கு வந்து இறங்குகிறவர்களும் உண்டு. நாம் அயலூருக்குப் போகிறோம். அயலூரார் நம்மிடம் வருகிறார்கள். இவர்களை அழைத்துச் செல்லும் ஒப்பந்தக்காரர் எல்லை தாண்டும்போது கட்ட வேண்டிய வரி என்ன, காக்க வேண்டிய விதி என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரிக் கணக்கு

2017 ஜூலை 1-ஆம் நாள் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதுவரை வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சாவடி போயிற்று, கணக்கு போகவில்லை. இன்று 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை எல்லை தாண்டிக் கொண்டு செல்ல மின்வழிச் சீட்டு வேண்டும். 

கட்டட ஒப்பந்தத்தைச் சட்டம் சேவையாகக் கருதுகிறது. கட்டடம் எந்த மாநிலத்தில் எழும்புகிறதோ அந்த மாநிலமே சேவை வழங்கிய இடமாகும். ஆகவே, கோவையில் பதிவு பெற்ற ஒருவர் பாலக்காட்டில் 40 லட்சம் ரூபாய்க்குக் கட்டடம் கட்டினால், 18 சதவீதம், அதாவது 7,20,000 ரூபாய், ஒருங்கிணைந்த வரியாக வசூலித்துக் கட்ட வேண்டும். 

இங்கேதான் பலரும் சறுக்குகின்றனர். சிமெண்டைப் பாலக்காட்டுக் கடையில் வாங்கி அங்கேயே இறக்கினால், கடைக்காரர் மத்திய வரியும் கேரள மாநில வரியும் போடுவார். தமிழ்நாட்டுப் பதிவை மட்டும் வைத்திருப்பவர் அதைத் தம் கணக்கில் கழித்துக்கொள்ள இயலாது. 2 லட்சம் ரூபாய்ச் சிமெண்டுக்கு 18 சதவீதம் எனில் 36,000 ரூபாய் கைவிட்டுப் போகும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே இதைக் கணக்கிடாதவர், நட்டத்தைப் பின்னர் யாரிடமிருந்து ஈடு செய்வார்? பெரும்பாலும் கூலியிலிருந்தும் சாரத்திலிருந்தும்தான்!

பாதுகாப்பின் வரலாறு

1982-இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்குகள் எழுந்தன. அங்கு உழைத்தவர்க்கு நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. இடைத்தரகர் 1 ரூபாயை எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசே கொடுத்தனர். வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது.

அதற்கு முன்பே, 1979-இல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் பிறந்திருந்தது. ஐந்து பேரை அழைத்துச் சென்றாலே ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும். ஒவ்வொருவர்க்கும் புகைப்படம் ஒட்டிய கைப்புத்தகம் தர வேண்டும். பயணப்படி தர வேண்டும். 1996-இல் கட்டடத் தொழிலாளர் சட்டமும், கட்டடச் செலவில் 1 சதவீதத்தை நல நிதிக்கு வசூலிக்கும் ஏற்பாடும் வந்தன.

சட்டம் இருந்தும் உயிர்கள் போயின. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களுள் பலர்.

ஒரு நோட்டுப் புத்தகம்

என் தந்தையார் கொத்தனார். 2019-இல் எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒருவராகப் பாலக்காட்டுப் பக்கம் வேலைக்குச் சென்றார். இரண்டாம் மாடிச் சாரத்தின் கயிறு நழுவிக் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. வைத்தியச் செலவைக் கேட்கப் போனபோது, ஆள் வருகை நோட்டில் அவர் பெயரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "நான் அங்க வேலைக்கே போகலியாமா சாமி. அப்பறம் எப்படி விழுந்தன்னு கேக்கறாங்க" என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. எட்டுப் பேர் சென்றதால் 1979-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும் என்பதும், கைப்புத்தகம் பெற உரிமை இருந்தது என்பதும் இக்கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்கே தெரிய வந்தது. எங்கள் வீட்டில் சட்டம் படிக்கத் தெரிந்தவர் அன்று எவருமில்லை.

இன்றைய நிலை

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, மேற்கூறிய பழைய சட்டங்கள் அவற்றுள் அடங்கின. நன்மைகள் உண்டு. தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். தரகர் இன்றித் தாமே வந்தவரும் மாதச் சம்பளம் 18,000 ரூபாய்க்கு மேற்படாவிடில் புலம்பெயர் தொழிலாளரே. உழைக்கும் மாநிலத்தின் கட்டட நல நிதியிலும் பயன் பெறலாம். 250 பேர் உழைக்கும் கட்டட வேலையில் பாதுகாப்பு அலுவலர் வேண்டும்.

ஆயினும் ஓர் எண் என்னை உறுத்துகிறது. பழைய சட்டத்தில் 5 என்றிருந்த எண்ணிக்கை, புலம்பெயர்ந்தோர்க்கான பகுதியில் இப்போது 10 ஆகிவிட்டது. வெளிமாநிலத்தார் எட்டே பேர் உழைக்கும் சிறிய வேலையிடம் அன்று உள்ளே, இன்று வெளியே. சாரத்தின் உயரமோ அன்றும் இன்றும் ஒன்றுதான். கணிதம் பயிலும் எனக்கு 5-க்கும் 10-க்கும் உள்ள வேறுபாடு வெறும் எண்ணாகத் தோன்றவில்லை.

முடிவுரை

வரியை ஒழுங்காகக் கணக்கிடும் ஒப்பந்தக்காரரே பாதுகாப்புக்கும் பணம் ஒதுக்க முடியும். இரண்டு கணக்குகளும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள். நண்பர்களே, நம்மில் பலர் கொத்தனார், சித்தாள் வீட்டுப் பிள்ளைகள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வெளி மாநிலத்திற்கு வேலைக்குப் புறப்படும் ஒருவரிடமேனும் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: "நியமனக் கடிதம் வாங்கினீர்களா? நோட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?" நாம் பெற்ற கல்விக்கு அது முதல் பயனாக அமையட்டும்.